பஞ்சுவின் சிக்கும் விசிலாரின் சீப்பும்

சடைக்குள் கங்கையையும் பிறையையும் சிக்கல் விழாமல் வைத்திருக்கும் பெருமானே, ஒரு சிறு நாயின் சடையைப் பற்றி எழுதப் புகும் அடியேனுக்குச் சொல் தந்து காத்தருள்க.

இன்று தை மாதத்து வளர்பிறைத் திங்கட்கிழமை. ரோகிணி கூடிய நன்னாள். சிறுவாச்சூரில் அம்மன் நடை திறந்திருக்கும் நாள். விசிலாரைப் பற்றி எழுத இதனினும் உகந்த நாள் வாய்க்காது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே வாழ்கிற எவரும் விசிலாரின் அனுமதியின்றி இருந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. அவ்வழிப் பேருந்தில் நெடுங்காலம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் எதிர்வீட்டுக்காரர். உத்தியோகம் ஓய்ந்ததே ஒழியக் கழுத்து விசில் ஓயவில்லை. ஒன்று ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் நகர வேண்டும். கல்யாணப் பந்தியில் உண்டவர் எழுவதும் அடுத்தவர் அமர்வதும் இந்தக் கணக்கின்படியே நடந்தன. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் பாடையைத் தூக்கியபோது, பழக்க தோஷத்தில் இரட்டை விசில் கொடுத்துவிட்டார். வீட்டார் கோபிக்கவில்லை. காலமானவர் தினமும் அவர் பேருந்தில் போய்வந்தவர். முறைப்படிதான் புறப்பட்டார் என்று ஆறுதல் அடைந்தனர்.

விசிலுக்கு அடுத்தபடி அவர் போற்றியது தம் தலைமுடியை. அறுபத்தைந்து வயதிலும் கருகருவென்று அலையலையாய் ஏறியிறங்கும் கிராப்பு. சட்டைப்பையில் ஒரு சிறிய கருப்புச் சீப்பு. அதை மனைவிக்கும் கொடுக்கமாட்டார். அந்த அம்மையாரின் வேண்டுதலுக்காகப் பழனிக்கு மும்முறை போனவர், மும்முறையும் முடியோடே மலையிறங்கினார். கேட்டால், "சாமி கும்புடப் போனேங்க, தலையைக் குடுக்கவா போனேன்?" என்பார்.

இனிப் பஞ்சுவிடம் வருகிறேன். பெங்களூரில் இருக்கும் என் மகளின் நாய் அது. உடல் ஒரு முழம், முடி ஒரு சாண். கண் எந்தப் பக்கம் என்பதே நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும். அதன் இனத்தின் பெயரைச் சொல்ல என் நாக்கு இன்னும் கற்கவில்லை. கருவுற்றிருந்த மகளை மருத்துவர் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டதால், மருமகன் பஞ்சுவைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுச் சென்றார்.

ஒரு மாலை தொலைபேசியில் வந்த செய்தி நன்றாக இல்லை. என் மனைவி விளக்கின்முன் அமர்ந்துவிட்டாள். மடியில் பஞ்சு. சிறுவாச்சூர் அம்மனை நினைத்து வாய்விட்டே நேர்ந்துகொண்டாள்.

"எம் பொண்ணு புள்ளையோட நல்லபடியா வந்து நிக்கட்டும் தாயே. இந்தப் பஞ்சு முடியை ஒனக்கு எறக்குறேன். அதுவரைக்கும் இதும்மேல கத்தரி படாது."

தலைப்பிள்ளைக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கந்தான். நாய்க்கு நேர்ந்துகொண்டது எங்கள் வீடு ஒன்றே. அவளைக் குறை சொல்வதற்கில்லை. அந்நேரத்தில் கைக்கெட்டிய தலை அது ஒன்றுதான். என் தலையில் காணிக்கைக்கென்று மிச்சம் ஏதுமில்லை.

அம்மனுக்கு உரியதாகிவிட்ட அம்முடியைப் பஞ்சு மதிக்கவில்லை. பின்புறக் காலிமனையில் புகுந்து, அங்குள்ள நாயுருவி முட்களையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு வந்தது. நான் பக்தியோடு நீராட்டினேன். நீர் பட்டதும் சிக்குகள் இறுகிக் கம்பளியாகிவிட்டன. சீவப்போனேன், கடித்தது. நாயினும் கடையவன் என்று இறைவன்முன் என்னைச் சொல்லிக்கொள்வது என் நாள்வழிபாடு. அது எவ்வளவு உண்மை என்பதைப் பஞ்சு ஒரே வாரத்தில் எனக்குத் தெளிவுபடுத்தியது.

கால்நடை மருத்துவர் பார்த்தார். காற்றுப் புகாமல் தோல் புண்ணாகிவிடும், முழுவதும் மழித்துவிடுவதே நல்லது என்றார். மனைவி பஞ்சுவை முந்தானையில் மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கத்தரி பட்டால் அங்கே மகளுக்கு ஏதேனும் ஆகிவிடும் என்ற அச்சம் அவளுக்கு.

வாசலில் நின்ற விசிலார் கதையைக் கேட்டார். பஞ்சுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்கய்யா இதைக் குளிப்பாட்டுனது?"

நான் ஒப்புக்கொண்டேன்.

"சிக்கெடுக்காம தண்ணி ஊத்தலாமா? படிச்சவுங்க வேலையே இப்படித்தான். தங்கச்சி, வூட்ல மக்காச்சோள மாவு இருக்கா?"

மறுநாள் காலை முதல் எங்கள் முன்கூடம் பேருந்து நிலையமாயிற்று. ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் பஞ்சு ஏற்றப்பட்டது. ஒரு விசில், நின்றது. அன்று மாலைக்குள் எங்கள் அனைவரையும்விடத் தெளிவாக அதற்கு விசில் பாஷை விளங்கிவிட்டது. சிக்கின்மேல் மாவைத் தூவி விரலால் பிரிப்பார். தோல் இழுபடாமல் முடியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேலேறுவார். ஒட்டிக்கொண்ட டிக்கெட்டுகளைப் பிரித்த விரல்கள் அல்லவா! கண்ணில் விழுந்த முடியைச் சேர்த்து, டிக்கெட் கட்டின் ரப்பர் வளையத்தால் உச்சியில் ஒரு குடுமி முடிந்தார். பஞ்சு உலகைப் பார்த்தது. முதலில் தெரிந்தவர் விசிலார்தான். அன்று முதல் அதற்கு நாங்கள் இரண்டாம்பட்சம்.

முக்காலியின் விளிம்பில் பஞ்சுவின் கால் இடறினால், "படியில நிக்காத பாப்பா, உள்ள வா" என்பார். நான் அருகே போனால் ஒற்றை விசில். நான் நிற்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கு மட்டும் காதுக்குப் பின்னே கல்போல் இறுகியிருந்தது. கீழே தோல் சிவந்துவிட்டது. வெள்ளிக்குள் அவிழாவிட்டால் அந்த இடத்தை மட்டுமாவது மழித்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வியாழன் பகலுணவுக்குப் பின் விசிலார் அமர்ந்தார். எங்கள் சீப்புகள் எதுவும் உள்ளே நுழையவில்லை. சற்று யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தம் கருப்புச் சீப்பை எடுத்தார். என் மனைவி பதறினாள்.

"அண்ணே, அது ஒங்க சீப்பு."

"சும்மா இரு தங்கச்சி. பாப்பா பயப்படும்."

விளக்கேற்றும் வேளைக்குச் சிக்கு அவிழ்ந்தது. சீப்பில் மூன்று பற்கள் போயிருந்தன. அவர் அதைத் துடைத்து, மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மாதங்கள், ஒரு நாள் தவறாமல் வந்தார். அன்னையின் அருளால் மகளுக்குச் சுகப்பிரசவம். பேத்தியோடு அவள் வந்ததும், வேண்டுதல் நிறைவேற்ற ஒரு திங்கட்கிழமை அனைவரும் சிறுவாச்சூர் போனோம். பஞ்சுவின் குடுமியில் பூ.

கோயிலுக்கு வெளியே முடி இறக்குகிற பெரியவர் பஞ்சுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனுச முடிதாம்மா எறக்குவோம்" என்றார் பணிவாக.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. வாக்குக் கொடுத்தாயிற்று, பிள்ளையும் வந்தாயிற்று, காணிக்கை மட்டும் நிற்கிறது. பேத்தியை இறுக அணைத்துக்கொண்டாள். நான் முன்வந்து குனிந்தேன். பெரியவர் என் வழுக்கையைப் பார்த்து, மரியாதையாக வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது விசிலார் என் கையில் எதையோ திணித்தார். பார்த்தேன், மூன்று பல் போன சீப்பு.

"பாப்பா டிக்கெட்டுல நான் எறங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பலகையில் அமர்ந்தார்.

மனைவி தடுத்தாள். அவர் ஒரு விசில் கொடுத்தார். அவள் நின்றாள், பஞ்சுவும் நின்றது. அலையலையான அந்தக் கிராப்பு எங்கள் கண்முன்னே மடியில் உதிர்ந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தனம் பூசிய தலையோடு எழுந்தவரைப் பஞ்சுவுக்கு அடையாளம் தெரியவில்லை, குரைத்தது. அவர் மறுபடி பலகையில் அமர்ந்து இரட்டை விசில் ஊதினார். ஒரே தாவலில் மடியேறித் தலைச் சந்தனத்தை நக்கத் தொடங்கியது.

இது நடந்து ஓராண்டாகிறது. அவர் முடி மறுபடி வளர்ந்திருக்கிறது. வெண்மையாக, அலை ஏதுமின்றி. சாயம் பூசவில்லை, கண்ணாடி முன் நிற்பதும் இல்லை. பஞ்சுவைத் திரும்ப அழைத்துச் செல்ல மகளுக்கும் மனம் வரவில்லை. காலைதோறும் எங்கள் முன்கூடத்தில் ஒற்றை விசில் கேட்கிறது. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீப்பு வெளிவருகிறது. அது இப்போது பஞ்சுவுக்கு மட்டும்.

இதைப் படிப்போர் இல்லங்களில் மழலை தழைக்க. மனத்துச் சிக்குகள் வலியின்றி அவிழ்க. அவிழ்க்க அமர்வோர் அருகில் இருக்க, அன்னை அருள்க.