ஜன்னல் திறக்காத மரியாதை

காலாப்பட்டிலிருந்து ரெட்டியார்பாளையம் போய்ச் சேரும் வரை, என் மாமனாருக்கு வயிறு சரியில்லை என்று நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசி. மச்சினி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். வண்டி என்னுடையது. ஆமை முதுகு, இரண்டே கதவு, வயதில் என்னைவிட மூத்தது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். முன் சீட்டில் தாம்பூலத் தட்டும் பழக்கூடையும் ஏறிக்கொண்டதால் மாமனார் பின்னால், சரியாகப் பேட்டரிக்கு மேலே. (பழத்தை முன்னால் உட்காரவைத்து, பெண் கொடுத்தவரைப் பின்னால் தள்ளிய மாப்பிள்ளை நான்.)

தூறலுக்காக ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். கொஞ்ச தூரத்தில் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. காலையில் அவர் இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. தூறலும் நின்றது. ஆனால் இப்போது ஜன்னலைத் திறந்தால், ‘எல்லாம் உங்களால்தான் மாமா’ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகாதா? மாமனார் மானம் என் மானம். திறக்கவில்லை.

நாற்றம் கூடியது. கண் எரிந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மாமனார், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பரிவோடு பார்த்தார். (செய்வதையும் செய்துவிட்டுப் பரிவு வேறு!)

ரெட்டியார்பாளையத்தில் ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைக்காமலே, டாஷ்போர்டு பிள்ளையாருக்கு ஊதுபத்தி ஏற்றும் சாக்கில் தீப்பெட்டியை எடுத்து உரசினேன். ஈரக் குச்சி, பற்றவில்லை.

“மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க,” என்றார் மாமனார். “வவுறு சரியில்லன்னா கூச்சப்படாம எங்கனா போயிட்டு வாங்க. நான் இருக்கேன்.”

“எனக்கா? மாமா, நான் நீங்கதான்னு...”

“ஐயையோ, நான் இல்ல! இன்னா, சீட்டுக்கு அடியில புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வருது. அடுப்பு மேல உக்காந்தாப்ல சுடுது.”

சீட்டுக்கு அடியில் பேட்டரி. என் கையில் தீக்குச்சி.

இன்ஜினை அணைத்தேன். (நான் செய்த ஒரே நல்ல காரியம்.) கதவைத் திறந்து, “வெடிக்கப் போவுது, ஓடுங்க!” என்று அலறியபடி எதிர் டீக்கடைக்கு ஓடினேன்.

டீக்கடைக்காரர் அசையவில்லை. “உள்ள ஒரு பெரியவரு கைய ஆட்டுறாரே, அவரு யாரு சார்?”

முன் சீட்டை மடக்கினால்தான் பின்னாலிருப்பவர் இறங்க முடியும். திரும்பி ஓடினேன். சீட்டு மடக்கும் பிடி கைக்கு அகப்படவில்லை.

“எடப்பக்கம் மாப்ள, எடப்பக்கம்,” என்று இருமிக்கொண்டே அவரே வழி சொன்னார்.

வெளியே இழுத்துப் போட்டேன். மூச்சு வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பத்திரிகைய எடுத்தீங்களா?”

இப்போது மாமனாருக்கு முன் சீட்டுதான். ஏறியதும் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, “ஓடுறதா இருந்தா சொல்லிட்டு ஓடுங்க மாப்ள,” என்பார். வீடே சிரிக்கும், என் மனைவி கொஞ்சம் அதிகமாக.

நடந்தது இவ்வளவுதான். ரெகுலேட்டர் கெட்டு, சார்ஜ் அதிகமாக ஏறி, பேட்டரி கொதித்து, முட்டை நாற்றத்தோடு தீப்பற்றும் வாயுவைக் கக்கியிருக்கிறது. அந்த வாயுவை வண்டிக்கு வெளியே விடும் ரப்பர் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. எதுவும் வெடிக்கவில்லை. எங்கள் இருவர் வயிறும் நன்றாகவே இருந்தது.