நீர்நாய் செங்கமலம் ரவுட்டர் மாட்டிய கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. சிங்கம் இருந்தால் சபை இருக்கும். சபை இருந்தால் அது வருஷத்துக்கு ஒரு சாமானாவது வாங்கியே தீரும். அந்தச் சபை முதலில் வாங்கியது நினைவுப் பெட்டி.

குரங்குகள் அவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்றாக இறக்கிவிட்டுப் போயின. "இனிமேல் யாரும் எதையும் மண்டையில் சுமக்க வேண்டாம். தெரிந்ததையெல்லாம் பெட்டியிடம் சொல்லிவிடுங்கள், அது பத்திரமாக வைத்துக்கொள்ளும்" என்று சிங்கராஜா அறிவித்தார். மிருகங்களும் பாட்டன் பூட்டன் சொல்லிவிட்டுப் போனதையெல்லாம் பெட்டியில் கொட்டின. அதன்பிறகு ஒருவரோடு ஒருவர் பேச விஷயமே இல்லாமல் போயிற்று. பேச்சு நின்றதும் சந்தேகம் வந்தது. அடுத்தவன் பெட்டியில் என்ன இருக்கிறதோ என்று காடே தூக்கம் கெட்டுக் கிடந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது.

ஏரி குளமாகி, குளம் குட்டையாகி, கடைசியில் ஒரு சேற்றுப் பள்ளம் மிஞ்சியது. அந்தப் பள்ளத்தில்தான் செங்கமலம் என்கிற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். மற்ற மிருகங்களுக்குத் தண்ணீர் என்பது குடிக்க. நீர்நாய்க்கு அதுதான் வீடு, அதுதான் சமையலறை. குட்டிகளின் தோல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. சின்னவள் நீந்துவதாக நினைத்துக்கொண்டு சேற்றில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். 

எங்கேயோ ஒரு வற்றாத ஊற்று இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் போகிற வழிதான் முழுசாக யாரிடமும் இல்லை. ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தார்கள். எந்தப் பள்ளத்தாக்கு என்பது யானை அங்கம்மாவின் பெட்டியில் இருந்தது. அங்கே எந்த மரம் என்பது இருவாச்சிப் பறவை பரஞ்சோதியின் பெட்டியில். மரத்தின் எந்தப் பக்கம் தோண்டவேண்டும் என்பது காட்டுப்பன்றி கொம்பையாவின் பெட்டியில். தேடிப் பார்க்கலாம் என்றாலோ, சபையின் உத்தரவு இல்லாமல் யாரும் காட்டு எல்லையைத் தாண்டக்கூடாது.

மூன்று பேரையும் உட்காரவைத்துக் கேட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் கேட்பதற்குச் சபையில் நிதி ஒதுக்கீடு கிடையாது, சாமான் வாங்கத்தான் உண்டு. ஆகவே ரவுட்டர் வாங்கினார்கள்.

"சிதறிக் கிடக்கிற பெட்டிகளையெல்லாம் இது காட்டு வலையில் கோத்துவிடும். இதனிடம் ஒரு கேள்வி கேட்டால் எல்லாப் பெட்டியும் சேர்ந்து பதில் சொல்லும்" என்று குரங்குகள் விளக்கின. மாட்டித் தருவீர்களா என்று கேட்டதற்கு, கொண்டுவந்து இறக்குவது மட்டும்தான் எங்கள் வேலை என்று மரமேறிவிட்டன.

செங்கமலம் முன்னால் வந்தாள். "நான் மாட்டறேன் ராஜா. எனக்கு விரல் இருக்கு. வேருக்கு அடியில பூந்து கேபிள் இழுக்கவும் தெரியும்." குட்டிகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுயநலம் என்று சபைக் குறிப்பில் ஏறியிருக்கும்.

ரவுட்டர் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்துதான் இருக்கவேண்டும் என்றார் சிங்கராஜா. சரி என்று வைத்தாள். அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, ஆளுயர மாலை போட்டார்கள். காற்று போகிற துவாரமெல்லாம் சந்தனத்தில் அடைபட்டு, பெட்டி சூடாகி, சிவப்பு விளக்கு துடிக்க ஆரம்பித்தது. சாமி வந்துவிட்டது என்று சபை கன்னத்தில் போட்டுக்கொண்டது. செங்கமலம் சந்தனத்தைக் குச்சியால் நோண்டி எடுத்தாள். மாலையைக் கழற்ற ராஜா சம்மதிக்கவில்லை. "விளக்கு எரியறது ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா ராஜா?" என்று கேட்ட பிறகுதான் இறங்கிவந்தார்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. எந்தப் பெட்டியை யார் யார் பார்க்கலாம் என்று ரவுட்டருக்குச் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கலாம் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது என்று நினைத்தபடி அவள் கேபிளைக் கொம்பையாவின் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொம்பையா அதன் நுனிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"இந்தா பாரு தாயி, மாமா சொல்றதக் கேளு. மத்தவங்க பெட்டியெல்லாம் எனக்குத் தெரியணும். என் பெட்டி யாருக்கும் தெரியப்படாது. அப்படிப் போடறதா இருந்தா எந்திரிக்கறேன்."

"அப்படிப் போட்டா ஊத்து எங்கேன்னு எப்படித் தெரியும் மாமா?"

"அதான் மத்தவங்க காட்டுவாங்கல்ல?"

அங்கம்மா இன்னும் கௌரவமாகப் பேசினாள். "நான் ஒண்ணும் ஒளிக்கறவ இல்லடி. ஆனா எங்க குடும்ப விஷயமெல்லாம் அதுல இருக்கு. அந்தப் பன்னி பார்த்தா ஊரெல்லாம் சொல்லிடுவான். எனக்கு மட்டும் எல்லாம் தெரியற மாதிரி வச்சுக்குடு. வயசுல பெரியவ, தெரிஞ்சுக்கிட்டா தப்பில்ல." சொல்லிக்கொண்டே கேபிளைத் தும்பிக்கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். அவள் குட்டி பக்கத்தில் காய்ந்த கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

பரஞ்சோதி மரப்பொந்திலிருந்து மூக்கை மட்டும் நீட்டினார். "எல்லாரும் என்ன கேட்டாங்களோ அதேதான் எனக்கும். கூட ஒரு பூட்டு."

"அப்ப ரவுட்டர் எதுக்குண்ணே?"

"அது மத்தவங்களுக்கும்மா."

செங்கமலத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கேபிளை விடமாட்டேன் என்பவர்களிடம் எதைக் கொண்டு சண்டை போடுவது? எல்லோரும் சொன்னதை அப்படியே போட்டாள். யாரும் யாரையும் பார்க்க முடியாத அந்த ஏற்பாட்டை ரவுட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன.

திறப்புவிழாவில் சிங்கராஜா எலுமிச்சம்பழத்தை மிதித்து நசுக்கிவிட்டுக் கேட்டார்: "வற்றாத ஊற்று எங்கே இருக்கிறது?"

"பார்க்க அனுமதி இல்லை" என்றது ரவுட்டர்.

 கொம்பையா கைதட்டினார். ராஜாவுக்கே காட்டாத பெட்டி வேறு யாருக்குக் காட்டப்போகிறது! அங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பாதுகாப்பு எந்தக் காட்டிலும் கிடையாது என்று ராஜா முழங்கி, செங்கமலத்துக்குச் சால்வை போர்த்தினார். அந்த வெயிலில்.

அவள் சால்வையோடு சேற்றுப் பள்ளத்துக்குத் திரும்பினாள். பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். "ரவுட்டர் வந்தா தண்ணி வரும்னியேம்மா?"  சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். செங்கமலம் சால்வையைச் சேற்றுநீரில் நனைத்து அவள்மேல் போட்டுவிட்டு, வந்த வழியே நடந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை உறங்குகிற நேரம் அது. ரவுட்டரை மாட்டியவர்கள் உள்ளே நுழைவதற்குத் தொழிற்சாலையிலேயே ஒரு கடவுச்சொல் போட்டுத் தருவார்கள். வேலை முடிந்ததும் அதை மாற்றிவிடவேண்டும். திசை பார்த்து, சந்தனம் பூசி, மாலை போட்ட சபைக்கு அந்த நினைப்பே வரவில்லை. செங்கமலம் அந்தச் சொல்லைப் போட்டு ரவுட்டருக்குள் போய் மூன்று பெட்டிகளையும் பார்த்தாள். கரும்பாறைப் பள்ளத்தாக்கு. கோடையிலும் இலை உதிர்க்காத ஒற்றை அத்திமரம். வடக்குப் பக்கம், வேர் பிடித்திருக்கிற கல்லுக்கு அடியில்.

அப்படியே குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடத்தான் நினைத்தாள். ஆனால் போகிற வழியில் அங்கம்மாவின் குட்டி அதே கல்லை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து சபையை எழுப்பினாள்.

"ராஜா, ஊத்து இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு. அங்கம்மா பெரியம்மா பெட்டியில..."

"நிறுத்துடி!" அங்கம்மா பிளிறினாள்.

"சரி, கொம்பையா மாமா என்ன சொல்லியிருக்காருன்னா..."

"வாயத் தொறந்த, குத்திப்புடுவேன்!"

பரஞ்சோதி அவள் பேச்சு காதில் விழாதபடி சிறகடித்துக் காற்றைக் கிளப்பினார்.

"பிள்ளைங்க சாகுதுங்க! உங்க பிள்ளைங்களும்தான்!" என்று செங்கமலம் கத்தினாள். 

சிங்கராஜா பிடரியைச் சிலிர்த்தார். "தண்ணீர் கிடக்கட்டும். அனுமதி இல்லாமல் பெட்டியைப் பார்த்தது நீதானே?"

"நான்தான்."

"முறைகேடாகத் தெரிந்துகொண்டதைச் சபை காதில் வாங்காது. உன்னைக் காட்டைவிட்டுத் தள்ளிவைக்கிறேன். குட்டிகளோடு போய், புல் பூண்டு முளைக்காத, யாரும் எட்டிப் பார்க்காத..." தகுந்த இடம் தேடி யோசித்தார். "கரும்பாறைப் பள்ளத்தாக்கில் கிட!"

அங்கம்மாவின் தும்பிக்கை விருட்டென்று உயர்ந்தது. வேண்டாம், அங்கே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஏன் வேண்டாம் என்று ராஜா கேட்டால் தன் பெட்டியில் இருப்பதைச் சொல்லவேண்டியிருக்கும். தும்பிக்கை மெல்ல இறங்கியது. செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று சபை நினைத்தது.

கல்லைப் புரட்டிய இடத்தில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பெரியவன் தலைகுப்புற விழுந்தான். சின்னவளை அவள் வாயால் கவ்வி மெதுவாக இறக்கினாள். முதலில் மீசை அசைந்தது, பிறகு வால் அசைந்தது, பிறகு அம்மாவின் முகத்திலேயே தண்ணீரை அடித்தாள். செங்கமலம் அப்போதுதான் உண்மையில் அழுதாள்.

கொஞ்ச நாளில் பள்ளத்தாக்கு முனையில் அங்கம்மா குட்டியோடு தள்ளாடி வந்தாள்.

"என்னையும் இங்கேயே தள்ளிவச்சுட்டாங்கடி. பன்னியோட பெட்டியை எட்டிப் பார்த்துட்டேன்னு ராஜாகிட்ட ஒத்துக்கிட்டேன்."

"பார்த்தீங்களா பெரியம்மா?"

"எங்கடி பார்க்க? அனுமதி இல்லன்னுதானே வருது!"

அங்கம்மா எதற்கு ஒத்துக்கொண்டாள் என்று யோசித்த கொம்பையா மறுநாளே ஒத்துக்கொண்டார். அப்புறம் மான் கூட்டம், முயல்கள், முள்ளம்பன்றி. சபையில் வாக்குமூலம் கொடுக்க வரிசை நின்றதாம். கடைசியாகப் பறந்துவந்த பரஞ்சோதி அத்திமரத்தில் உட்கார்ந்து, ராஜா மட்டும் மிச்சம் என்று சொன்னார். அவரைத் தள்ளிவைக்க அங்கே யாரும் இல்லை. சிம்மாசனத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் எல்லாப் பச்சை விளக்கும் எரிகின்றன. நேற்று அவர் ரவுட்டரிடம், "காட்டில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டாராம்.

"பார்க்க அனுமதி இல்லை" என்றதாம் அது.

நீதி: ஒற்றுமை இல்லாத காட்டிலும் தண்ணீர் கிடைக்கும், ஒரு குற்றம் செய்திருந்தால் போதும். செய்யத் தைரியம் இல்லாதவர்கள் செய்ததாக ஒத்துக்கொள்ளலாம்.