எழுத்தறியாக் குழந்தை இல்லாத நாடு

பொன்னலை நாட்டு அரசருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். நாணயத்தில்கூட ஒரு குழந்தையை இடுப்பில் வைத்தபடிதான் இருப்பார்.

அந்நாட்டின் உப்பளங்களில் தாய்மார் உப்பு வார, பிள்ளைகள் வரப்பில் வெயிலில் கிடந்தார்கள். ஒருநாள் பேச்சித்தாயின் பெண் குழந்தை தவழ்ந்துபோய்ப் பாத்தி நீருக்குள் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கியவள், அங்கே உப்பு வாரியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த உமையாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்று மாலையே அவள் சில பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினாள். பாழடைந்த கொட்டகை ஒன்று மழலைக் கூடமானது. கஞ்சி, பாட்டு, கதை, மணலில் எழுத்து. பேச்சித்தாயின் மகள் முத்தழகு நடக்கப் பழகியதும் பேசப் பழகியதும் அங்கேதான்.

சில ஆண்டுகளில் அறிவுத்துறை அமைச்சர் வந்தார். வாசற்பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழைக் குழந்தைகளுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் ஏழைகள் இல்லை என்று சென்ற ஆண்டே சட்டம் இயற்றியாகிவிட்டது."

"அப்போ இந்தப் பிள்ளைகள் யாருங்கய்யா?"

"இன்னும் செல்வந்தர் ஆகாதவர்கள்."

உமையாள் பலகையில் 'ஏழை' என்ற சொல்லை அழித்தாள். ஏழைகள் இல்லாத நாட்டில் தானம் எதற்கு என்று அரிசி அனுப்பிவந்த வணிகர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கஞ்சி நீர்த்துப்போனது.

அடுத்த ஆணை, உண்ணும் முன் அரசர் புகழ்மாலையை முழுவதும் பாட வேண்டும் என்றது. பாட்டு முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எழுப்பி ஊட்டினாள். கதை சொல்ல நேரம் இல்லாமல் போயிற்று.

பிறகு அரசரின் பிறந்தநாள் வந்தது. உப்பளத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அரண்மனைக்கு அழைத்துவரச் சொன்னார்கள். ஓவியர்கள் காத்திருந்தார்கள். அரசர் முத்தழகைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவள் எதிரே தொங்கிய கொடியைப் பார்த்து, "அ... ர... சு" என்று எழுத்துக் கூட்டினாள்.

அரசரின் கண்கள் கலங்கின. "படிக்கிறாள்! அமைச்சரே, உப்பளத்துக் குழந்தை படிக்கிறாள்!"

உமையாளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த நேரத்தை விட்டால் இல்லை, இன்னும் நாலு இடத்தில் கூடம் கேட்டுவிட வேண்டும் என்று ஓரடி முன்னே வந்தாள். அதற்குள் அமைச்சர் அரசரின் காதில் ஏதோ சொன்னார். அரசர் பூரிப்போடு தலையசைத்தார்.

மறுநாள் உமையாளும் பிள்ளைகளும் உப்பளத்துக்குத் திரும்பியபோது கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கியது. ஆணை ஒட்டியிருந்தது: "எழுத்தறியாக் குழந்தை எதுவும் இந்நாட்டில் இல்லை என்பதை மன்னர் நேரில் கண்டருளியதால், மழலைக் கூடங்கள் அனைத்தும் வெற்றிகரமாக மூடப்பட்டன."

காவலுக்கு இரண்டு சேவகர்கள் நின்றார்கள். தாய்மார் வேலையை விட்டுவிட்டு வந்து உமையாளின் முகத்தையே பார்த்தார்கள். அவள் பிள்ளைகளை வெட்டவெளியில், கதவைப் பார்த்தாற்போல் உட்காரவைத்தாள். ஆணையின் கடைசிச் சொல்லில் விரலை வைத்தாள்.

"இது என்ன எழுத்து?"

"மூ!"

"மூவன்னாவுல ஆளுக்கு ஒரு சொல் சொல்லுங்க பார்ப்போம்."

"மூக்கு!" என்றாள் முத்தழகு. "மூட்டை!" என்றது இன்னொரு பிள்ளை.

பின்னாலிருந்து பேச்சித்தாய் கை தூக்கினாள். "எனக்கும் ஒண்ணு தெரியும் டீச்சர். அரமனையை நினைச்சதுமே ஞாபகம் வந்துச்சு. சொன்னா பிடிச்சிட்டுப் போயிருவாவ."

தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சேவகர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லாதீங்க," என்றாள் உமையாள். "பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்."