மையர் அண்ணை தேடிய மகன்

ஆக்லாந்தில் மையர் என்று பெயர் வைத்துக்கொண்டு மையர் அண்ணையிடமிருந்து தப்பியவர் எவருமில்லை.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், பார்சல் வேன் ஓட்டுபவர். சொந்தப் பெயர் அவருடைய கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். முன்பு ஜெர்மனியில் அகதியாக இருந்தபோது, மையர் என்ற கிழவி தன் மாடியறையைக் கொடுத்து வைத்திருந்தாள். நியூசிலாந்துக்குக் கிளம்பி விடைபெறும்போது, "என் மகன் பீட்டரும் நியூசிலாந்தில்தான் எங்கோ இருக்கிறான். பேச்சே இல்லை. கண்டால் ஒரு போன் பண்ணச் சொல்" என்றாளாம். நாமென்றால் தலையாட்டிவிட்டு விமானத்தில் ஏறியதும் மறந்திருப்போம்.

அந்தக் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் 'ஏ' போட்டும் 'ஈ' போட்டும், நடுவில் 'ஐ' நட்டும் 'வை' நட்டும் பலவிதமாய் எழுதுகிறார்கள். அண்ணைக்கு எல்லாம் ஒன்றே. பார்சலை வாசலில் போட்டுவிட்டு ஓடுகிற ஊரில், இவர் மட்டும் கதவைத் தட்டி விசாரணை நடத்துவார். ஏவன்டேல் பேட்டையில் ஒரு மையர், தன் பாட்டனார் ஜெர்மனியையே பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தும் அண்ணை அரை மணி நேரம் விடவில்லை. ஹில்ஸ்பரோவில் ஒரு அம்மாளோ, "விவாகரத்தோடு அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பார்சல்காரர்களுக்குத்தான் புரியவில்லை" என்று அழுது, கேக்கும் கொடுத்தாள்.

"அண்ணா, அவரு வேற ஊர்ல இருந்தா?" என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் ஒருநாள் கேட்டேன்.

"நியூசிலாந்து என்ன பெரிய நாடோ தங்கச்சி? ஆடுகளைக் கழிச்சா மிச்சம் கொஞ்சப் பேர்தான்."

போன மாதம் ஒரு காலை, என் கார் ரிப்பேர் என்று அவர் வேனில் ஆபீசுக்குக் கிளம்பினேன். ஒனிஹங்காவில் ஒரு மையர் பார்சல். கதவைத் திறந்தவர் பெயர் பீட்டர். அண்ணை கிழவியின் தெருவைச் சொன்னார். மனிதர் முகம் வெளுத்தது. கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"வாங்கண்ணா, போயிடலாம்."

"பொறுங்கோ. ஆள் உள்ளுக்கைதானே நிக்கிறார்."

போனை எடுத்தார். ஜெர்மனியில் இன்னும் நேற்றிரவு ஒன்பது மணி. "அம்மா படுத்திருக்க மாட்டா." ஸ்பீக்கரைப் போட்டுக் கதவோடு பிடித்தார். ஒரு மெல்லிய குரல் யாரென்று கேட்டது. அண்ணை ஜெர்மனில் ஏதோ சொன்னார்.  அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு சொல்:

"பீட்டர்?"

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து, போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

சிவப்பு சிக்னலோடுகூடக் கதைக்கிற அண்ணை, வாய் பேசாமல் படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "தங்கச்சி, உங்களுக்கு வேலைக்குப் பிந்துதோ?" என்றார்.

"ஆபீஸ் எங்கயும் போயிடாதுண்ணா" என்று அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.