நல்லெண்ணெய் அங்கிளின் கார்

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் நல்லெண்ணெயால் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்ட ஒரே மனிதர், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டுக்காரர்தான். சொந்தப் பெயர் என்னவோ, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நல்லெண்ணெய் அங்கிள், அவ்வளவுதான். முழங்கால் வலியா, கதவு கிறீச்சிடுகிறதா, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளியா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து. சனிக்கிழமை காலையில் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார். மிச்சத்தைக் கொண்டுபோய்த் தன் அரதப்பழைய காரின் ஆக்சிலரேட்டர் கேபிளில் ஊற்றுவார். காருக்கும் சனி நீராட்டு.

சட்டியில் நாலு நாள் கிடந்த நல்லெண்ணெய் என்ன ஆகும் என்பது அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரியும். கேபிளுக்குள்ளும் அப்படியே பிசுக்கேறிப் போனது. மிதித்த பெடல் மேலே வர மறுத்தது. அங்கிள் அசரவில்லை. பெடலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பக்கத்து சீட்டிலிருந்த ஆன்டியின் கையில் கொடுத்துவிட்டார். அவர் "இழு" என்றால் ஆன்டி இழுக்க வேண்டும், வேகம் குறையும். ஊரில் எல்லாரும் பெண்டாட்டியைக் காரில் கூட்டிப் போவார்கள். இவர் மட்டும் காரின் உதிரிபாகமாகக் கூட்டிப் போனார்.

ஆன்டி ரவிக்கை தைப்பவர். என்னுடையதெல்லாம் அவர் கைவேலைதான். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயை விட்டுப் பாருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ரவிக்கை தைக்கிறவள் எனக்குக் காரைப் பற்றிச் சொல்லித் தருகிறாயா என்பார் இவர். கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கோயிலுக்குப் போகும் வழியில் பெடல் ஒட்டிக்கொண்டது. ஆன்டி இழுத்த இழுப்பில் கயிறு அறுந்தது. கார் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் நாற்காலி அடுக்கில் போய்ச் சொருகி நின்றது. ஆன்டிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அங்கிள் பதறிக்கொண்டு இறங்கினார். நேரே பம்பரிடம் ஓடினார். துண்டை எடுத்து அதைத் தடவித் தடவித் துடைத்துக்கொண்டிருந்ததை ஆன்டி உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

பல வாரம் கழித்து அங்கிள் என் கதவைத் தட்டினார். கையில் ஆன்டியின் மெஷின் எண்ணெய்ப் போத்தல். கழற்றிய கேபிளின் ஒரு முனையை நான் உயர்த்திப் பிடிக்க வேண்டுமாம். பிடித்தேன். முதலில் மண்ணெண்ணெய் விட்டு அலசினார். கருப்பாகப் பிசின் வழிந்தது. பிறகு மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, கீழ்முனையில் தெளிவாக வந்து இறங்கும்வரை விட்டார். திரும்ப மாட்டி மிதித்தார். பெடல் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. இவ்வளவு சின்ன வேலைக்குத்தான் அந்த அம்மாவின் கை போயிருக்கிறது.

அவளைக் கூட்டி வர வேண்டும், நீ கூட வந்தால் கதவையாவது திறப்பாள் என்றார். திட்டிக்கொண்டே பின்சீட்டில் ஏறினேன்.

கிள்ளானில் ஆன்டி வாசல் கேட்வரை வந்தார். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. அங்கிள் காரின் முன்கதவைத் திறந்து, குனிந்து, பெடலைக் கையால் அமுக்கி விட்டுக் காட்டினார்.

"பாரு, தானா மேல வருது. நீ சொன்ன எண்ணெய்தான் லா. ஏறு, வீட்டுக்குப் போலாம்."

ஆன்டி பெடலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கார் சரியாயிடுச்சு. என் கை எப்படி இருக்குன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

சொல்லிவிட்டு ஆன்டி உள்ளே போய்விட்டார்.

இப்போது அங்கிள் சனிக்கிழமை தவறாமல் கிள்ளானுக்குப் போகிறார். கேட்டருகே நின்று கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். இருக்கு என்கிறார் ஆன்டி. காரில் ஏறுவதில்லை. எனக்கு அந்த மனுஷன்மேல் கோபம் ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை. ஆனாலும் வாராவாரம் நானும் கூடப் போகிறேன். திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவே முழுக்க அவர் அழுதுகொண்டே ஓட்டுகிறார். தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.