உப்பு குறைவு என்றுதான் சொன்னேன்

ஒருவர் சொல்வதில் மற்றவர் காதில் விழுவது பாதிதான். மீதிப் பாதி விழாமல் போனதற்கான பழி மட்டும் எப்போதும் சொன்னவர் தலையில் விழும். இது என் அனுபவம். என் மச்சானிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவரிடம் கேட்காதீர்கள்.

அப்போது நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்கு என் வகுப்பில் பாதிப் பேர் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். (அந்த வருஷம் தண்ணீர் வரத் தாமதமானது. அவர்களும் விவசாயிகளோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.) நான் உமரியை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் நாகூரில் வெட்டாறு கடலில் சேருகிற உவர்மண்ணில் அது தானாக மண்டிக் கிடக்கும். இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கணுக்கணுவாகச் சதைப்பற்றான தண்டு, கிள்ளிக் கடித்தால் கரிக்கும். வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, இறால் போட்டுச் சமைப்போம். உப்புப் போட மாட்டோம். விடுதித் தோழிகள் என்னைக் 'களைக்காரி' என்று கூப்பிட்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. அந்தக் களையில் பொட்டாசியம் இருக்கிறது, மெக்னீசியம் இருக்கிறது, உடம்புக்கு நல்லது செய்யும் வேறு சில பொருள்களும் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அந்த வயதில் அது போதும்.

என் லாத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளைதான் நான் சொல்லும் மச்சான். துபாயில் வேலை. அந்த முறை லீவில் வந்தபோது கூடவே ரத்த அழுத்தத்தையும் கொண்டுவந்திருந்தார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். லாத்தா குறைப்பதற்குப் பதில் அடியோடு நிறுத்திவிட்டாள். மனிதர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பாவமாக இருந்தது. விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் நான் உமரியும் இறாலும் சமைத்து வைத்தேன்.

"உப்புப் போட்டியா?" என்றார் மச்சான்.

"போடலை மச்சான்."

"பின்ன எப்படிக் கரிக்குது?"

நான் விளக்கினேன். உமரி உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்கிற செடி. அந்த உப்பைத் தண்டிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதைக் காயவைத்துப் பொடித்தால், அதே அளவு சாதா உப்பில் இருப்பதைவிட சோடியம் குறைவாகத்தான் இருக்கும். பொட்டாசியம் போன்றவையும் சேர்ந்து வருவதுதான் காரணம். அதற்காக அள்ளிக்கொட்டிக்கொள்ளக் கூடாது, டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். 'குறைவு' என்ற சொல்லை நான் சொன்னேன். லாத்தா சாட்சி. (அவள் இப்போது மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். அது வேறு விஷயம்.)

மச்சான் காதில் விழுந்தது, "சோடியம் இல்லை."

தாராளமயம் வந்த புதிது. யாரைப் பார்த்தாலும் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல் வாயில் ஊறிக்கொண்டிருந்த காலம். எங்கள் கடற்கரைப் பக்கமெல்லாம் இறால் பண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இறாலே கப்பல் ஏறும்போது உமரி ஏறாதா என்று மச்சான் யோசித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவருடைய மகன் அவரைப் பார்த்தால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வான். லீவு முடியும்போதுதான் மெல்ல மடியில் வந்து உட்காருவான். ஊரிலேயே ஒரு தொழில் அமைந்தால் திரும்பிப் போக வேண்டாமே என்று லாத்தா தொழுகை தவறாமல் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னையில் மூலிகைப் பொடிகளை ஏற்றுமதி செய்கிற ஒருவர் தர்காவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், மச்சான் அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார். அதற்குள் நாகப்பட்டினத்தில் லேபிளும் அச்சடித்து வந்துவிட்டது: 'உமரி உப்பு. உப்பில்லாத உப்பு. சோடியம் அறவே இல்லை.'

"மச்சான், இல்லைன்னு போடாதீங்க. குறைவுன்னு போடுங்க" என்றேன்.

"குறைவுன்னு போட்டா ஜனங்க குறைன்னு படிப்பாங்கம்மா. நீ கெமிஸ்ட்ரியைப் பாரு, வியாபாரத்தை நான் பாத்துக்கறேன். வர்றவர் முன்னால பரிசோதனை மாதிரி ஏதாவது செஞ்சு காட்டேன். நெருப்பு, கலர், அந்த மாதிரி."

இங்கேதான் என் இளவயது மூளையை எடுத்து நாலு சாத்துச் சாத்த வேண்டும் என்று தோன்றுகிறது. என்னிடம் கல்லூரி ஸ்பிரிட் விளக்கு இருந்தது. அதைப் பற்றவைத்துக் காட்ட ஒரு சபை கிடைக்கிறதே என்று ஒப்புக்கொண்டேன். உமரியின் சாம்பலைக் கம்பியில் தொட்டு நெருப்பில் காட்டினால் அதிலுள்ள பொட்டாசியம் கத்தரிப்பூ நிறத்தில் எரியும். பார்க்க அழகாக இருக்கும். ஒரே ஒரு சிக்கல், சோடியம் துளி இருந்தாலும் அதன் மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். அதை மறைக்க ஆய்வகத்தில் கனமான நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று வைத்திருப்போம். அதன் வழியாகப் பார்த்தால்தான் கத்தரிப்பூ தெரியும். விளக்கை எடுத்துவந்தேன். கம்பியை எடுத்துவந்தேன். நீலக் கண்ணாடி தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டது.

வந்தவர் சாந்தமான மனிதர். உமரி இறாலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லாத்தா கதவோரம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் மச்சான் ஜன்னல்களைச் சாத்தினார். "இவ எம்.எஸ்ஸி. படிக்கிறா சார். இதுல சோடியமே இல்லைன்னு இப்ப உங்க கண்ணு முன்னாலயே நிரூபிப்பா."

அப்படி ஒன்றை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. இதை எழுத்தில் பதிந்து வைக்கிறேன். மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் விளக்கைப் பற்றவைத்துவிட்டார். நானும் (பழக்கதோஷம்) கம்பியை நீட்டினேன்.

மஞ்சள் என்றால் மஞ்சள், அப்படியொரு மஞ்சள். கூடமே மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆனது.

மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க சார், தங்கம் மாதிரி."

வந்தவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நானும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதாங்க. மஞ்சள்னா சோடியம்னு முதல் வருஷமே சொல்லிக் குடுத்துட்டாங்களே."

"சார், ஒரு நிமிஷம். உள்ளே பொட்டாசியம் எரியுது, உங்களுக்குத் தெரியலை" என்றேன். சொல்லிக்கொண்டே மச்சானின் சட்டைப் பையிலிருந்த துபாய் கூலிங் கிளாஸை எடுத்தேன். அது நீல நிறம். அந்த நேரத்தில் எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது. "இதைப் போட்டுப் பாருங்க."

அவர் மரியாதைக்காரர். தன் கண்ணாடிக்கு மேலேயே கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கத்தரிப்பூ நிறம் தெரியுதா சார்?"

"விளக்கே தெரியலைம்மா."

"சோடியம் துளி இருந்தாலும் மஞ்சளாத்தான் எரியும் சார். என் விரல் வேர்வை பட்டாக்கூட இப்படித்தான் எரியும்."

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். "அப்ப எதுக்கும்மா இதைக் காட்டுனீங்க?"

அந்தக் கேள்வியை மச்சானிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? லேபிளில் 'குறைவு' என்று போட்டிருந்தால் எந்த மஞ்சளும் எங்களை ஒன்றும் செய்திருக்காது. வந்தவர் போகும்போது, "கீரை ரொம்ப நல்லா இருந்துச்சு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மச்சான் அதை நம்பி எஸ்.டி.டி. பூத்துக்கு நடையாய் நடந்தார். பிறகு லீவு முடிந்துபோனது. பையன் மடியில் உட்காரத் தொடங்கிய வாரம் அவர் விமானம் ஏறினார். லாத்தா வெகுநாள் என்னோடு பேசவில்லை. சோடியத்தை நான்தான் அந்தச் செடிக்குள் கொண்டுபோய் வைத்ததுபோல் பார்ப்பாள்.

சில வருஷங்களில் மச்சானுக்குப் பதவி உயர்ந்து, லாத்தாவையும் பையனையும் துபாய்க்கே கூட்டிக்கொண்டார். கோபம் போனது. கிண்டல் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாராவது "உப்பு இருக்கா பாரு" என்று கேட்டால், "கூலிங் கிளாஸ் போட்டுப் பாரு" என்றுதான் பதில் வரும். என் நிக்காஹ் விருந்தில், என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கதையைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் அங்கிருந்து மச்சான் வீடியோ காலில் வந்தார். சூப்பர் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன டப்பா. உமரிப் பொடி, ஏதோ ஒரு தேசத்திலிருந்து வந்தது. விலையைச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அதுல என்ன போட்டிருக்கு? படிங்க."

கண்ணைச் சுருக்கி நிதானமாகப் படித்தார். "சாதா உப்பைவிட சோடியம் குறைவு."

"குறைவு" என்றேன்.

"ஆமா, குறைவுன்னுதான் போட்டிருக்கான்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நீதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மச்சான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் லாத்தா அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஆனா ரஹிமா, கூட கண்ணாடி எதுவும் தரலையேம்மா" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.