வெளுத்த வளையமும் கறுத்த தலையும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் ஆட்காட்டி எழுதுவது. இங்கே முழங்கால்வரை சேறு, அதற்கு மேலே நலம். அங்கே தலையைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்குமென்று நம்புகிறேன்.

தலை விஷயத்தை அம்மா போனில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பறவை ஆய்வை நடத்தும் மேடத்திடம் உங்கள் இருவரின் கல்யாணப் பேச்சை எடுக்க வருவதற்காக நீங்கள் பூசிக்கொண்ட சாயம் தலையணை உறையில் ஒட்டி, அங்கிருந்து வாளித் தண்ணீரில் இறங்கி, அம்மாவின் வெள்ளை விரிப்புக்கு வந்து சேர்ந்ததாம். போதாததற்கு, உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் மின்விசிறி நின்ற நேரம் பார்த்து வியர்வையோடு அது வழிந்து ஒரு பெரியவரின் புதுக் கண்ணாடியில் சொட்ட, அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு இன்னும் மோசமாயிடுச்சேப்பா" என்று கலங்கிப்போனாராம்.

சித்தப்பா, இங்கே கரைப்பறவைகளிடம் வயதுக்குத்தான் மவுசு. மூத்த ஆண்கள் முதலில் வந்து மேட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெண் பறவைகளும் அவற்றைத்தான் தேடிப் போகின்றன. இளசுகள் தாமதமாக வந்து, கிடைத்த பள்ளத்தில் முட்டையிட்டு, தண்ணீர் ஏறியதும் திருதிருவென்று விழிக்கின்றன. போன பருவத்தில் ஆரஞ்சு வளையம் போட்ட ஓர் ஆண் மட்டும் தன் குஞ்சுகள் அத்தனையையும் காப்பாற்றிவிட்டது. பிறந்த ஆண்டுக்கு ஒரு நிறமாகக் காலில் வளையம் மாட்டுவோம்; ஆரஞ்சு என்றால் இளசு. இந்த வயதிலேயே என்ன சாமர்த்தியம் என்று நாங்கள் வியந்துகொண்டிருக்க, மேடம் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "அது ஆரஞ்சு இல்லம்மா, வெயில்ல வெளுத்த சிவப்பு. இங்க இருக்கறதுலயே மூத்தவன் இவன்தான். அதான் இவ்வளவு பக்குவம்" என்றார். அப்போது அவர் குரலில் இருந்த மரியாதையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

சின்ன வயதில் என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து ஏரிச் சேற்றுக்குக் கூட்டிப் போவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கடையில் கழித்த இரண்டு லென்ஸை அட்டைக் குழாயில் ஒட்டிக் கொடுத்தீர்கள். அதில் பறவைகள் தலைகீழாகத் தெரியும். அவை வானத்தில் நடப்பதாக வெகுகாலம் நம்பினேன். வீடு திரும்பியதும் நீங்கள் சிகரெட் பிடித்ததை அப்பாவிடம் சொல்லிவிடுவேன். ஆளைக் கண்டாலே கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவையின் பெயரை எனக்கு வைத்தது அதற்காகத்தான். அப்போதே உங்கள் காதோரம் ஒரு நரை. கம்பியிலிருந்து திரும்பினால் முதலில் அதுதான் தெரியும். அப்பா போன பிறகு எங்களைக் கரையேற்றுவதிலேயே உங்கள் பருவங்களெல்லாம் போயின. இந்த ஒன்றும் போய்விடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

என்னைப் பார்க்க இங்கே வந்த அன்று மேடத்தின் கண்ணாடித் திருகு கழன்றபோது சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து முடுக்கிக் கொடுத்தீர்களே, அந்த நரைத்த தலைக்காரரைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு எதற்கு நாற்பத்தைந்து என்று சொல்லி, நரை பரம்பரை வாகு என்று சமாளித்தீர்கள்? ஐம்பத்து மூன்றில் என்ன குறை? தயவுசெய்து தலையைக் கழுவிவிட்டு, வயதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு, விரிப்புக்கு என் அனுதாபம்.

உங்கள்
ஆட்காட்டி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இதை உறையிலிடப் போகும்போது மேடம் உள்ளே வந்தார். தலை கறுகறுவென்றிருக்கிறது, காது மடலிலும் கொஞ்சம் சாயம். என்ன விசேஷம் மேடம் என்றேன். "உங்க சித்தப்பாவுக்கு நாப்பத்தஞ்சுதானேம்மா ஆகுது. பக்கத்துல நின்னா நான் அக்கா மாதிரி தெரியக் கூடாதில்ல" என்றார். உங்களை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவரைத்தான் இதோ காட்டிக்கொடுத்துவிட்டேன். தலையைக் கழுவ வேண்டாம் சித்தப்பா. இரண்டும் சேர்ந்தே வெளுக்கட்டும்.